இரு ஆட்டங்களின் நாயகர் எம். ஜே. கோபாலன்

வைகை மணலில் கம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடும் நம் தம்பியரிடம் இந்திய வேகப் பந்து வீச்சாளர் யார் யாரெனக் கேட்டால் பத்துப் பெயர்களை மூச்சு விடாமல் கூறுவர். அவற்றுள் எம். ஜே. கோபாலன் என்ற பெயர் இராது. ஹாக்கி மட்டை பிடிக்கும் நம் மாணவியரும் அவரை அறியார். இவ்விரு ஆட்டங்களிலும் பாரத நாட்டுக்காக ஆடிய ஒருவரை நாம் மறந்திருப்பது வருந்தத்தக்கதே.

செங்கற்பட்டுப் பக்கத்து மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிறந்தவர் கோபாலன். வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில். அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்ட சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் அவரை ஊக்குவித்தார். பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. அவரது பந்து மின்னல் வேகமும் அன்று, மெல்லச் சுழல்வதும் அன்று. நல்ல வேகத்தோடு வந்து, தரையில் பட்டதும் திசை மாறும் வகை. 1930இல் சென்னைக்கு வந்த உலகப் புகழ் பெற்ற ஜாக் ஹாப்ஸையே அத்தகைய பந்தொன்றால் வீழ்த்தினார்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்தில் ஆடினார். ஒரே ஒரு விக்கெட்டுதான் கிடைத்தது. அவர் ஆடிய ஒரே டெஸ்டும் அதுவே. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி பிறந்தது. சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த அந்த ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன்தான். மைசூர் 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது! (அன்று பதினொரு விக்கெட்டுகளை அள்ளியவர் ஏ. ஜி. ராம்சிங்.)

மறு ஆண்டு கிரிக்கெட் பந்தை வைத்துவிட்டு ஹாக்கி மட்டையோடு நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். மாவீரர் தியான் சந்த் ஆடிய அணி அது. இவரும் சிறப்பாக ஆடியதால், பெர்லின் ஒலிம்பிக் அணியில் இடம் உறுதி என்றே பலரும் எண்ணினர்.

இங்குதான் சோதனை வந்தது. 1936ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியிலும் அவர் பெயர் இருந்தது. இரண்டுக்கும் செல்ல இயலாது. நெடுநேரம் தயங்கினாரோ, உடனே முடிவெடுத்தாரோ, கிரிக்கெட்டையே தேர்ந்தார்.

அந்தப் பயணமோ பூசல் மிகுந்தது. தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். அணியின் சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் நடுவழியிலேயே தாயகம் அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகள் நடந்தன. ஒன்றிலேனும் கோபாலனைக் களமிறக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் அவரின்றித் தொடங்கியது. அதே நாளில்தான் பெர்லினில் தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கப் பதக்கம் சூடியது. இதைப் படிக்கையில் நமக்கே நெஞ்சு பொறுக்கவில்லை.

அவர் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. திரும்பி வந்து சென்னைக்காகத் தொடர்ந்து பந்து வீசினார், அணித் தலைவருமானார். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 194 விக்கெட்டுகள் எடுத்தார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அமர்ந்தார். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு 1953இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. கடலுக்கு இருபுறமும் பல ஆண்டுகள் அது நடந்தது. இலங்கை டெஸ்ட் தகுதி பெறுமுன் அந்நாட்டு இளைஞர் பலர் பயின்ற களம் அது என்றே கூறலாம்.

2003 டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில், தமது 94ஆம் வயதில், கோபாலன் காலமானார்.