வலி எவ்வளவு என்று நோயாளியிடமே கேட்ட டாக்டர்... யார் இந்த சிசிலி சாண்டர்ஸ்?

வாந்தி வருதா? மூச்சு வாங்குதா? வலி எந்த அளவுக்கு இருக்கு? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 766 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில், ஒரு பிரிவினர் இதுபோன்ற கேள்விகளுக்குக் கம்ப்யூட்டரில் தொடர்ந்து பதில் சொன்னார்கள். நிலைமை மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். புது மருந்து எதுவும் கிடையாது. 2017-ல் வெளியான முடிவு: அப்படிச் சொல்லிவந்தவர்களில் பாதிப் பேர் 31 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பு பெற்ற பிரிவில் அது 26 மாதங்கள்தான். இதில் கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்று அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்திருந்தது.

நோயாளி சொல்வதும் டேட்டாதான் என்பதை, கம்ப்யூட்டர் வார்டுக்குள் வருவதற்கு முன்பே செய்து காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ்.

1918-ல் லண்டனை ஒட்டிய பார்னெட்டில், வசதியான வீட்டில் பிறந்தார். உலகப் போர் வந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டு நர்ஸ் ஆனார். முதுகுவலி அந்த வேலையை விடவைத்தது. பிறகு ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளர். அப்போதுதான் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். வார்சாவிலிருந்து வந்த யூதர், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர். சாகிறவர்களுக்கென்று ஒரு நல்ல இடம் வேண்டும் என்று இருவரும் நிறையப் பேசினார்கள். 1948-ல் இறந்தபோது டாஸ்மா 500 பவுண்டு விட்டுச்சென்றார், அந்த இடத்தில் தன் பெயரில் ஒரு ஜன்னல் இருக்கட்டும் என்று.

சாயங்காலங்களில் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார் சிசிலி. சாகும் தறுவாயில் இருக்கும் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே வலி மருந்தை வாய்வழியாக, நேரம் தவறாமல், வலி திரும்புவதற்கு முன்பே கொடுத்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் நிலைமை வேறு. அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தில், வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் ஊசி. சத்தம் போட்டுக் கேட்கத் தெரிந்தவர் பிழைத்தார். கேட்கக் கூச்சப்படுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

இதை மாற்ற வேண்டுமானால் நர்ஸாகப் பேசினால் எடுபடாது, டாக்டராகு என்றார் அவருடன் பணிபுரிந்த ஒரு சர்ஜன். 33 வயதில் மருத்துவக் கல்லூரி! 1957-ல், 38 வயதில் டாக்டர்.

அடுத்த ஆண்டு, கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியான ஹேக்னியில், கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்துக்குப் போனார். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து கேட்டார், எழுதினார், பஞ்ச் கார்டுகளில் பதிந்தார். சிலரின் பேச்சை டேப் ரெக்கார்டரில் பிடித்தார். 1,000 பேருக்கும் மேல் சேர்ந்த அந்தப் பதிவுகள் டாக்டர்களின் பயத்துக்கு நேர் எதிராகப் பேசின. சீரான இடைவெளியில் மார்பின் கொடுத்தால் வலி அடங்குகிறது, ஆள் தெளிவாக இருக்கிறார், டோஸும் கண்டபடி ஏறவில்லை.

கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு பெண்மணியிடம் வலியைப் பற்றிக் கேட்டால், முதுகில் ஆரம்பித்து, தன்னைப் பார்த்துக்கொள்ளக் கணவரும் மகனும் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடுமே என்பதில் வந்து நிற்கிறார். எக்ஸ்ரேயில் இது தெரியாது இல்லையா? உடல், மனம், குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே வலி என்று சிசிலி எழுதினார். முழு வலி என்பது அதற்கு அவர் வைத்த பெயர்.

1967-ல் தெற்கு லண்டனின் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் திறந்தது. பராமரிப்பும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ். இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் குழுவும் கிளம்பியது. டாஸ்மாவின் ஜன்னல் இன்றும் அங்கே இருக்கிறது.

சிசிலிக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. 2005 ஜூலையில், 87 வயதில், அதே செயின்ட் கிறிஸ்டோபர்ஸின் ஒரு கட்டிலில் அவர் இறந்தார்.