வாடல் நோயை ஆராய்ந்த பேராசிரியர் டி.எஸ். சதாசிவன்

நம் வீட்டுச் சாம்பாருக்கான துவரை, வயலில் ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டியாக வேண்டும். அதுதான் வாடல் நோய். பூத்துக் காய்க்கும் தருணத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, செடி தண்ணீர் காணாததுபோல் வாடிக் காய்ந்துவிடும். இதற்குக் காரணமான ஃபுசேரியம் என்ற மண் பூஞ்சையை 1910-ல் விவரித்துப் பெயரிட்டவர் பீகார் பூசாவில் பணியாற்றிய பட்லர் துரை. பூஞ்சை வேருக்குள் புகுந்தபின் செடிக்குள் என்ன நடக்கிறது என்ற அடுத்த கேள்வியைச் சென்னையில் எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் டி.எஸ். சதாசிவன்.

1913-ல் பிறந்த அவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பூஞ்சைகளை ஆராய்ந்தார். 1944-ல், எம்.ஓ.பி. அய்யங்காருக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார்.

நீர் ஏறும் குழாய்களில் பூஞ்சை பரவும்போது செடி சும்மா இருப்பதில்லை. கோந்து போன்ற பொருளைச் சுரந்து வழியை அடைக்கிறது. ஆரம்பத்திலேயே அடைத்தால் பிழைக்கும். தாமதித்தால் பூஞ்சை மேலேறிவிடும். அடைப்பே செடிக்கு நீர் கிடைக்காமலும் செய்துவிடும். போதாக்குறைக்கு, பூஞ்சை உண்டாக்கும் ஃபுசேரிக் அமிலம் செல்களின் சவ்வைக் கெடுக்கிறது. நோயுற்ற பருத்திச் செடிக்குள்ளேயே இந்த அமிலம் இருப்பதை அவருடைய ஆய்வுக்கூடத்தார் 1950-களில் காட்டினர். துத்தநாகம் போன்ற நுண்சத்துக்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்தனர்.

1960-ல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது. 1965-ல் அதே பரிசை அவருடைய ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த சி.வி. சுப்பிரமணியன் பெற்றார். 1974-ல் பத்மபூஷண். 2001-ல் சதாசிவன் காலமானார்.

உத்தியோக நிமித்தம் நான் இருந்த அந்தமானில், நெல் அறுவடையானதும் மிஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பார்கள். தீவானாலும் தாய்நாடானாலும் விவசாயிக்கு ஒரே சங்கடம்தான். இந்தப் பூஞ்சை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். இலைமேல் மருந்து தெளித்துப் பிரயோசனமில்லை. பயிரை மாற்றிப் போடலாம், விதையை டிரைக்கோடெர்மா கலந்து விதைக்கலாம். எல்லாவற்றிலும் மேலானது எதிர்ப்புச் சக்தியுள்ள ரகம். இக்ரிசாட் நிலையம் தேர்ந்தெடுத்த மாருதி துவரை 1986-ல் கர்நாடகத்தில் வெளியானது அப்படித்தான்.

ஒரே மண்ணில் ஒரு செடி வாடுகிறது, பக்கத்துச் செடி தாங்கி நிற்கிறது. அந்த வித்தியாசம் செடிக்குள் இருக்கிறது. அதைத் தேடும் ஆராய்ச்சிக்குச் சென்னையில் ஒரு பரம்பரையையே உருவாக்கியவர் சதாசிவன். தாவரவியல் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லி வைப்போம்.