இராம்மோகன ராயரும் சபா சாசனமும்

வங்கநாட்டு இராஜா இராம்மோகன ராயர் 1828-ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிரம்ம சபையை நிறுவினார். 1830-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் அவரும் அன்பர்களும் அதன் வழிபாட்டு மனைக்குத் தர்மசாசனம் எழுதிவைத்தனர். எவ்வகுப்பாரும் அங்கு வந்து வழிபடலாம்; உயிர்க்கொலை ஆகாது; பிறர் வழிபடும் பொருளை நிந்தித்தல் ஆகாது என்பன அதன்கண் உள்ள விதிகளுட் சில. உருவமும் ஆகாதென விலக்கினர். அது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் பரநிந்தையை விதியாலே தடுத்தமை, கண்டனப் பிரசங்கமே சமயத்தொண்டெனக் கொள்ளும் சபையார் எண்ணற்பாலது.

இடத்திற்கு இத்துணை விதி வகுத்தவர், அங்கத்தினராவார் யாவர், அவர் ஏற்கும் விரதம் யாது என்பவற்றை வரையறுத்தாரல்லர். அவ்வாண்டிலேயே சீமைக்குப் புறப்பட்டு, 1833-இல் பிரிஸ்டல் நகரிற் காலஞ்சென்றார். சபை மெலிந்தது. இராமசந்திர வித்தியாவாகீசர் விடாது நடாத்திய வழிபாடே அதனைக் காத்தது. 1843-இல் தேவேந்திரநாத தாகூர் அன்பர் 20 பேருடன் பிரதிஜ்ஞை ஏற்ற பின்னரே, அங்கத்தினர் என்போர் அச்சபைக்கு உளராயினர்.