பழைய காருக்குள் படகு இன்ஜின்

ஊரில் யாராவது போர் போடும்போது பக்கத்தில் போய் நின்றிருப்பீர்கள். காதை அடைக்கும் சத்தத்தோடு கம்ப்ரஸரை ஓட்டுகிற அந்தப் பெரிய இன்ஜினில், பல வண்டிகளில் கம்மின்ஸ் என்று எழுதியிருக்கும். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலும் அதே பெயரைப் பார்க்கலாம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முழுப்பெயர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். அமெரிக்காவில் பண்ணையில் வளர்ந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். காரில் இருந்த பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினைப் பூட்டி, சாலையில் ஓட்டிக் காட்டியவர்.

1888 டிசம்பர் 27 அன்று இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். 11 வயதிலேயே மரத்தில் அச்சு செதுக்கி, உருக்கிய இரும்பை வார்த்து, பண்ணையில் ஒரு நீராவி இன்ஜின் செய்திருக்கிறார். 1908-ல் கொலம்பஸ் என்ற சிற்றூரில் டபிள்யூ.ஜி. இர்வின் என்ற வங்கியாளரிடம் கார் டிரைவராகச் சேர்ந்தார். கார் ஓட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் பட்டறையில்தான். பையனின் கைவேலையில் இர்வினுக்கு நம்பிக்கை விழுந்தது. அவர் போட்ட பணத்தில் 1919 பிப்ரவரி 3-ம் தேதி கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனி தொடங்கியது.

முதலில் செய்தது, நம் கிணற்றுமேட்டு ஆயில் இன்ஜின் போல விவசாயிகளுக்கான 6 எச்.பி. இன்ஜின். ஆனால் இன்று உங்கள் இன்ஜினில் உள்ள பம்பும் நாசிலும் அதில் கிடையாது. ஹெட்டுக்குள் துளையிட்ட சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் விழும் எண்ணெயில் கொஞ்சம் முதலில் பற்றி, மீதியைத் துளை வழியாக சிலிண்டருக்குள் தள்ளிவிடும். லோடு ஏறி இறங்கினால் எண்ணெய் அளவு சரியாக அமையாது.

அந்த இன்ஜினை சியர்ஸ் ரோபக் என்ற தபால்வழி வியாபார நிறுவனம் விற்றது. பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்பது அவர்கள் வாக்குறுதி. அங்கத்திய விவசாயிகளும் நம்மைப் போலத்தான்! சீசன் முழுக்க இன்ஜினை ஓட்டிவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம். இன்ஜினிலும் உண்மையாகவே கோளாறுகள் இருந்தன. கம்பெனிக்குப் பெரும் அடி.

அடுத்த பத்து ஆண்டுகள், எண்ணெயை அளந்து சரியான நொடியில் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வழியைத் தேடுவதிலேயே போயின. இன்ஜின் தேறியது. படகுக்காரர்கள் வாங்கினார்கள். ஆனால் லாபம் என்று ஒன்று வரவில்லை. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தபோது, படகு வாங்கும் ஆட்களும் காணாமல் போனார்கள். பத்து வருடம் பணம் போட்டுச் சலித்த இர்வின், கம்பெனியை மூடிவிடலாமா என்று யோசித்தார். மூடினால் பட்டறையில் வேலை செய்தவர்கள் அந்த மந்தகாலத்தில் நடுத்தெருவுக்கு வந்திருப்பார்கள்.

கம்மின்ஸ் கணக்கு எழுதிக் காட்டவில்லை. பழைய பேக்கார்டு கார் ஒன்றை எடுத்து, அதன் இன்ஜினை இறக்கிவிட்டுத் தன் நாலு சிலிண்டர் படகு இன்ஜினை ஏற்றினார்.

இந்த வேலை கேட்பதற்குச் சுலபம். நம் பக்கம் பெட்ரோல் ஜீப்பையும் அம்பாசடரையும் டீசலுக்கு மாற்றிய மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். டீசல் இன்ஜின் கனம் அதிகம். முன்பக்க ஸ்பிரிங் தாங்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் வேகமாகச் சுழன்று சக்தி தரும், டீசல் மெதுவாகச் சுழன்று இழுக்கும். அதற்கேற்றபடி பின்னால் கிரவுன் பினியனை மாற்றாவிட்டால், வண்டி மாடு போல இழுக்குமே தவிர வேகம் எடுக்காது. அதிர்வும் அதிகம், மவுண்டிங் சரியில்லாவிட்டால் சேஸிலேயே விரிசல் விடும்.

1929 கிறிஸ்துமஸ் அன்று அந்தக் காரில் இர்வினை உட்காரவைத்து ஒரு சுற்று போய்வந்தார் கம்மின்ஸ். அந்தச் சவாரிக்குப் பிறகு கம்பெனியை மூடும் பேச்சு நின்றது, மறுபடி பணம் வந்தது. ஒரு சில நாட்களிலேயே அதே காரை இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்கு ஓட்டிப்போனார். தூரம் 792 மைல், சுமார் 1,275 கிலோமீட்டர். எண்ணெய்ச் செலவு மொத்தம் 1 டாலர் 38 சென்ட். 1931-ல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவரது டீசல் கார் ஒரு தடவைகூட எண்ணெய் போட நிற்காமல் ஓடி முடித்தது. இடம் என்னவோ 13-வதுதான்.

மந்தகாலத்தில் புது லாரி வாங்க யாரிடம் பணம் இருந்தது? ஓடுகிற லாரியில் பெட்ரோல் இன்ஜினை மட்டும் மாற்றலாம் என்றபோது, எண்ணெய்ச் செலவில் மிச்சமாகும் காசைப் பார்த்து நெடுந்தூர லாரிக்காரர்கள் வந்தார்கள். அப்படியும் கம்பெனி முதல் லாபத்தைக் கண்டது 1937-ல்தான். தொடங்கி 18 வருடம் கழித்து!

இந்த இன்ஜின் மாற்றத்தில் யாரும் யோசிக்காத ஒரு ஆபத்து இருந்தது. 1931-ல் தன் டீசல் லாரியை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஓட்டிப்போனபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் கம்மின்ஸ் அதை நேரில் சந்தித்தார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிற்று. கீழே சாலையின் குறுக்கே சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. லாரி தண்டவாளத்தை அடைந்தபோது கடைசிப் பெட்டி அப்போதுதான் கடந்திருந்தது.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினுக்குள் காற்று போகும் கதவு மூடிக்கொள்ளும். மூடிய கதவை எதிர்த்து பிஸ்டன் காற்றை இழுக்கத் திணறும், அந்தத் திணறலே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அன்றைய டீசலில் அந்தக் கதவு இல்லை. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் அழுத்தும். ஆனால் அழுத்திய ஸ்பிரிங் மாதிரி அந்தக் காற்றே பிஸ்டனைத் திரும்பக் கீழே தள்ளிவிடும். கிட்டத்தட்ட கொடுத்த பலம் திரும்பி வந்துவிடுகிறது. மலைச்சாலையில் லோடு ஏற்றி இறங்கும் வண்டிக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அந்த நாளை அவர் மறக்கவில்லை. 1950-களில், கம்பெனிப் பொறுப்புகள் ஓய்ந்த வயதில், மறுபடி அதை எடுத்து உட்கார்ந்தார். பிஸ்டன் காற்றை முழுதாக அழுத்தி மேலே வரும் தருணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டால்? அழுத்திய காற்று வெளியே போய்விடும், பிஸ்டனைத் திரும்பத் தள்ள ஒன்றும் இருக்காது. இன்ஜினே பிரேக் ஆகிவிடும். வால்வைத் திறக்கத் தேவையான அசைவு, நாசிலை இயக்கும் பாகத்தில் ஏற்கனவே இருப்பதைக் கண்டுபிடித்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அவர் பெயரில் ஓடிய கம்பெனி இதை வேண்டாம் என்றது. டிரில் சக் செய்யும் ஜேக்கப்ஸ் என்ற நிறுவனம் எடுத்து 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு, 1962-ல், புனேயில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் தொடங்கப்பட்டு அவர் பெயர் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

1968 ஆகஸ்ட் 17-ம் தேதி, 79 வயதில், கலிபோர்னியாவில் காலமானார். அமெரிக்காவில் ரொட்டி விநியோக வேன்களில் ஓடித் தேய்ந்த கம்மின்ஸின் 3.9 லிட்டர் இன்ஜினைக் கழற்றி, காட்டுவழிக்குப் போகும் பழைய ஜீப்புகளில் பூட்டுவது இன்றும் பட்டறைக்காரர்களுக்குப் பிடித்த வேலை. அவருடைய பிரேக்கும் லாரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அழுத்திய காற்று வெடித்து வெளியேறும்போது துப்பாக்கி சுட்டது போலச் சத்தம் வரும். அதனால் பல சிற்றூர்களின் எல்லையில், இங்கே இன்ஜின் பிரேக் போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.