சரதியேலும் வண்டிக்காரரும்

கண்டி வீதியில் மாவனல்லைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் உதுவன்கந்த மலையை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். அந்த மலையால் பெயர் பெற்றவன் சரதியேல். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்ற கதையை மூத்தாப்பா எனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கு அதில் ஒரு கேள்வி உண்டு. அவன் துப்பாக்கியை நீட்டியபோது எதிரே நின்றது யார்?

சரதியேல் 1832இல் பிறந்தான். ஊர்ப் பன்சலையில் எழுத்துப் படித்தான். முரட்டுப் பிள்ளை. ஊரில் இருக்க முடியாமல் கொழும்புக்குப் போய், இராணுவ முகாமில் எடுபிடி வேலை செய்தான். திரும்பி வந்தபோது அவனுக்கு வீடு என்று ஒன்றும் நிலைக்கவில்லை. மலைக் குகையும் கூட்டாளிகளின் திண்ணையும்தான் அவன் இருப்பிடம்.

அது கோப்பிக் காலம். கண்டிக்கு ரயில் இல்லை. மலையிலிருந்து கோப்பி இறங்குவதும், அரிசியும் உப்பும் துணியும் ஏறுவதும் மாட்டு வண்டியில்தான். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்காரர் வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுப்பார். இந்தியாவிலிருந்து வந்த தோட்டக் கூலிகளும் நாள்கணக்காக நடந்து, இருட்டிய இடத்தில் மரத்தடியில் படுத்தவர்கள்தான். கதவு இல்லை, பூட்டு இல்லை. இருக்கிற காசு மடியில். டியூஷனில் என்னோடு படிக்கும் தோட்டத்துப் பிள்ளை சொல்வாள்: அவள் வீட்டுக் கிழவிகள் இன்றைக்கும் முந்தானை முடிச்சைத் தலைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குவார்களாம். வீடு இருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தோட்டத் துரை பங்களாவில் தூங்கினான். வண்டியில் இருந்த மூட்டை அவனுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் துப்பாக்கிக்கு முன்னால் கையைத் தூக்கி நின்றது வண்டிக்காரர். மூட்டை போனால் துரைக்கு நட்டம். உயிர் போனால் யாருக்கு? ராபின் ஹுட் கதைகளில் வண்டிக்காரருக்குப் பேச்சே கிடையாது.

சரதியேலும் நிம்மதியாக உறங்கவில்லை. அவன் தலைக்கு அரசாங்கம் விலை வைத்ததும், யார் திண்ணை பாதுகாப்பானது என்பதே அவனுக்குத் தெரியாமல் போனது. கடைசியில் கூடப் பழகியவனே துப்புக் கொடுத்தான். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் அவன் இருந்த வீட்டைப் பொலிஸார் சூழ்ந்தார்கள். உள்ளேயிருந்து சூடு வந்தது. கொன்ஸ்டபிள் சபான் விழுந்தார். சுட்டவன் சரதியேலின் உயிர்த் தோழன் மம்மாலே மரிக்கார்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சபான் மலாய் முஸ்லிம். மரிக்காரும் நம்மவன். நம் வீடுகளில் மரிக்காரின் துணிச்சலைப் பற்றிக் கதை உண்டு; சபானைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. கடமையின்போது உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் என்று, ஆண்டுதோறும் மார்ச் 21இல் பொலிஸார்தான் அவரை நினைக்கிறார்கள்.

சரதியேலும் மரிக்காரும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். சரதியேலுக்கு அப்போது வயது 32. மூன்று வருடத்தில், 1867இல், கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பி மூட்டைகள் பூட்டிய பெட்டிகளில் இறங்கத் தொடங்கின.