கணக்குக் காட்டாதவர்

முதற் பராந்தக சோழன் கி.பி. 907-ல் முடிசூடி, மதுரையைக் கைக்கொண்டு, தில்லையம்பலத்திற்குப் பொன் வேய்ந்தவனென்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நாம் சொல்லப் புகுவது வேறு. அவன் ஆணைப்படி 919-ல் உத்தரமேரூர் மகாசபையார் வாரியத் தேர்தலுக்கு விதி வகுத்தனர். அதிற் குறை கண்டதும் காலங் கடத்தாமல் 921-லேயே திருத்தினர். ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டது. குடவோலையாற் தேர்ந்தவர்க்குப் பதவி 360 நாளே. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரை அப்பால் ஓலையில் எழுதலாகாது. அவன் பெயரை மாத்திரமா? தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை மக்கள் வரை அத்தடை நீண்டது! நாளைக்கு ஆகட்டுமென்று ஒருவன் சோம்பியிருந்தால் சுற்றத்தார் அவனைத் தூங்கவிட்டிருப்பரா?

நிலமுடைய வேதியர்க்கே உரிய சபை அது. அக்குறையை நாம் மறைக்கவில்லை. ஆயினும், பொதுநிதி திரட்டிவிட்டு, வரவு செலவை அடுத்த கூட்டத்திற்கு, அதற்கடுத்த கூட்டத்திற்கு என்று ஒத்திவைக்கும் நம் சங்கக் காரியதரிசிகளுக்கு மைத்துனர்களே இல்லை போலும்!

949-ல் தக்கோலப் போரில் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானைமீதே மாண்டான். தொண்டைநாடு இராஷ்டிரகூடர் வசமாயிற்று. சுமார் 955-ல் முதிய அரசனும் மறைந்தான். வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் அக்கணக்கு விதி இன்றும் வாசிக்கக் கிடக்கிறது.