எல்லோர் கையிலும் கேமரா தந்தவர்!

குழந்தைகளே! சுற்றுலா போனால் படம் எடுக்கிறோம். பிறந்த நாள் என்றால் படம் எடுக்கிறோம். செல்போனைத் தொட்டால் போதும், ஒரு நொடியில் படம் தயார்.

150 ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. ஒரு படம் எடுக்க ஒரு வண்டிச் சாமான் வேண்டும். அந்தச் சுமையைக் குறைத்து, கேமராவைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். அவர் கதையைத் தெரிந்துகொள்வோமா?

இளமையில் வறுமை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்வில் என்ற ஊரில், 1854-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி ஈஸ்ட்மன் பிறந்தார். பின்னர் குடும்பம் ராச்செஸ்டர் நகருக்குக் குடியேறியது. அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். தாய் மரியா, வீட்டில் சிலரைத் தங்கவைத்து, அவர்கள் தரும் பணத்தில் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றினார். அக்காமார் இருவரில் ஒருவருக்குப் போலியோ. அவரால் நடக்க முடியாது.

அம்மாவின் கஷ்டத்தைப் பார்த்த ஈஸ்ட்மன், 14 வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எடுபிடி வேலை. வாரத்துக்கு 3 டாலர் சம்பளம். இரவில் வீட்டிலேயே கணக்குப் பாடம் படித்தார். அதன் பலனாக 1874-இல் வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. சம்பளம் வாரம் 15 டாலராக உயர்ந்தது.

முதல் கேமரா

அவருக்கு 23, 24 வயது இருக்கும். கரீபியன் கடலில் உள்ள சாண்டோ டொமிங்கோவுக்குப் பயணம் போகத் திட்டமிட்டார். போகும் இடங்களைப் படம் எடுத்து வரலாமே என்று உடன் வேலை செய்த ஒருவர் யோசனை சொன்னார். ஈஸ்ட்மனும் ஆசையாக ஒரு கேமரா வாங்கினார்.

வாங்கிய பிறகுதான் சிரமம் தெரிந்தது. கேமராவே பெரிய பெட்டி அளவு. அதை நிறுத்த கனமான முக்காலி. கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம் இவை தனி. எல்லாவற்றுக்கும் மேல் ஓர் இருட்டுக் கூடாரம்!

கூடாரம் எதற்கு? அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். உடனே இருட்டில் வைத்துக் கழுவவும் வேண்டும். காய்ந்துவிட்டால் படம் வராது. கண்ணாடி கீழே விழுந்தால் எல்லாம் வீண். இதைக் கற்றுக்கொள்ளவே ஈஸ்ட்மன் 5 டாலர் கட்டணம் கொடுத்தார்.

கடைசியில் அந்தப் பயணமே நடக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது. படம் எடுக்க ஆசைப்படும் ஒருவர் ஏன் இத்தனை சுமக்க வேண்டும்?

சமையலறையே ஆய்வுக்கூடம்

ஈரம் இல்லாத தகடு இருந்தால் கூடாரம் தேவையில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்டு மேடாக்ஸ் என்ற மருத்துவர், ஜெலட்டினைக் கொண்டு உலர்ந்த தகடு செய்யும் வழியை 1871-இல் வெளியிட்டிருந்தார். அதைப் பற்றி ஆங்கிலேயப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளை ஈஸ்ட்மன் விடாமல் படித்தார்.

பகலில் வங்கி வேலை. இரவில் அம்மாவின் சமையலறையில் ஆராய்ச்சி. ரசாயனங்களைக் காய்ச்சுவார், கலக்குவார், தகட்டில் பூசிப் பார்ப்பார். களைத்துப்போய் அடுப்புக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிய இரவுகளும் உண்டு. தகடுகளுக்கு ஒரே சீராக ரசாயனம் பூசும் இயந்திரத்தையும் உருவாக்கி, 1879-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1881-இல் ஹென்றி ஸ்ட்ராங் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். வங்கி வேலையையும் விட்டார்.

வந்தது சோதனை

தொழில் சூடுபிடித்த நேரத்தில் பேரிடி விழுந்தது. விற்ற தகடுகளில் படம் சரியாக விழவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஈஸ்ட்மன் என்ன செய்தார் தெரியுமா? விற்றது விற்றதுதான் என்று சொல்லவில்லை. கெட்ட தகடுகளைத் திரும்பப் பெற்று, நல்ல தகடுகளைக் கொடுக்க முடிவு செய்தார். கையில் இருந்த பணம் கரைந்தது. தொழிற்சாலை நின்றது. எத்தனையோ சோதனைகள் செய்தும் காரணம் பிடிபடவில்லை.

இங்கிலாந்துக்கே போய் விசாரித்தார். வாங்கிய ஜெலட்டின் தரமில்லாதது என்று அங்கே தெரிந்தது. நல்ல ஜெலட்டினுடன் திரும்பி வந்து மீண்டும் தொழிலைத் தொடங்கினார். பணம் போனாலும் நல்ல பெயர் நிலைத்தது. அதுதான் பின்னாளில் அவருக்கு மூலதனம்.

100 படம் பிடிக்கும் பெட்டி

அடுத்து, உடையும் கண்ணாடிக்கு விடை கொடுக்க நினைத்தார். கண்ணாடிக்குப் பதிலாகச் சுருளாகச் சுற்றிய காகிதத்தைப் பயன்படுத்தினார். 1888-இல் கோடாக் என்ற கையடக்கக் கேமராவை வெளியிட்டார். கே என்ற ஆங்கில எழுத்து அவருக்குப் பிடித்தது. அதனால் அந்த எழுத்தில் தொடங்கி அதிலேயே முடியும்படி பெயர் வைத்தார்.

அதன் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். படம் எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால், படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வாடிக்கையாளருக்கு ரசாயனம் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை.

மறு ஆண்டே கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு ஃபிலிம் வந்தது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி ரெய்கன்பாக் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கினார். எடிசன் சினிமா ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியதும் ஈஸ்ட்மன் தயாரித்த ஃபிலிம்தான்.

குழந்தைகளுக்காக ஒரு கேமரா

25 டாலர் அன்று பெரிய தொகை. ஏழைகள் என்ன செய்வார்கள்? 1900-இல் பிரவுனி கேமரா வந்தது. அட்டையால் செய்த சிறு பெட்டி. விலை ஒரே ஒரு டாலர்! 6 படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். பள்ளிக் குழந்தைகளும் பயன்படுத்தலாம். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல் விற்றது.

கொடை உள்ளம்

கோடீசுவரர் ஆனபிறகும் ஈஸ்ட்மன் பழைய வறுமையை மறக்கவில்லை. ஏழைக் குழந்தைகளுக்காக ராச்செஸ்டர், லண்டன், பாரிஸ், ரோம் முதலிய நகரங்களில் பல் மருத்துவமனைகள் அமைக்கப் பணம் கொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கோடிக்கணக்கில் வழங்கினார். அங்கே தம் பெயரைச் சொல்லாமல் ஸ்மித் என்ற பெயரிலேயே பல ஆண்டுகள் கொடுத்தார்! கடைசிக் காலத்தில் முதுகெலும்பு நோயால் துன்பப்பட்டு, 1932 மார்ச் 14 அன்று, 77 வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

இன்று ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. கீழே விழுந்தாலும் தாங்கும் கேமரா, நீருக்குள்ளும் படம் எடுக்கும் கேமரா என்று கடையில் எத்தனையோ வகைகள். நீங்கள் முதல் கேமரா வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் மட்டும் பார்க்காதீர்கள். எங்கே கொண்டுபோகப் போகிறேன், என்னால் எளிதாகச் சுமந்து கையாள முடியுமா என்று யோசியுங்கள். ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் போகிறவருக்கு நீர் புகாத கேமரா உதவும். வீட்டில் மட்டும் எடுப்பவருக்கு அது தேவையில்லை.

தனக்கு வந்த சிரமம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்று நினைத்தவர் ஈஸ்ட்மன். உங்களுக்கும் ஏதாவது ஒரு வேலை கடினமாக இருந்தால், அலுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அதை எப்படி எளிதாக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்!